அடித்துப் போட்ட தூக்கம்

“விருப்பம் இருக்கிறவங்க மட்டும் கட்டுங்கப்பா. கட்டாயம் எதுவும் இல்லை” என்றபடி, தூக்கத்தை அளக்கும் கைக்கடிகாரங்களை மேசையில் பரப்பினார் பேராசிரியை ரேவதி.

“சரிங்க மேடம்” என்றது வகுப்பு.

இன்டர்னல் மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு கட்டாயமில்லை என்பது, ஒரே கடை உள்ள ஊரில் பிடித்தால் வாங்குங்கள் என்பது போலத்தான். அவருக்கே அது உறுத்தியது. ஆனாலும் நல்லதற்குத்தானே? ஓசூர் கம்பெனிகளில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளுக்குத் தூக்கம் போதவில்லை என்று காட்டிவிட்டால், காலை வகுப்பைத் தள்ளிவைப்பதாக நிர்வாகம் சொல்லியிருந்தது.

மாதக் கடைசியில் ஆய்வு முடிந்தது. அத்தனை பேரும் தினமும் அடித்துப் போட்டதுபோல் தூங்கியிருந்தார்கள். வகுப்பு பழைய நேரத்துக்கே என்றது நிர்வாகம்.

மறுநாளும் முதல் பெஞ்சில் மாணவன் சம்பங்கி தூங்கி வழிந்தான். ரேவதி அவனை வராந்தாவுக்கு அழைத்தார்.

“ராத்திரி பூரா தூங்கிட்டு இங்கயும் தூங்கறியேடா?”

“எங்க மேடம் தூங்கறது? ஷிப்டுக்குப் போறப்ப எல்லா வாட்சையும் ஹாஸ்டல் செக்யூரிட்டி அண்ணன் கையில கட்டிடுவோம். ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும். அவரு விடியற வரைக்கும் அசைய மாட்டாரு.”

“எதுக்குடா?”

“கம்மியா தூங்கினா மார்க்கும் கம்மியாயிடும்னுதான்.”

“கட்ட மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே.”

“உங்ககிட்டயா மேடம்?”

ரேவதியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வகுப்புக்குள் வந்தார்.

“தப்பு என்னுதுதான்பா. இனிமே நான் எது கேட்டாலும், பிடிக்கலைன்னா வேணாம்னு நேராவே சொல்லிடணும். சரியா?”

“சரிங்க மேடம்” என்றது வகுப்பு, அன்றைக்குச் சொன்ன அதே குரலில்.