பொத்தானை மட்டும் அழுத்திய ரேடியோ

மலைமேல் இருந்த ரிப்பீட்டருக்கு ஒரே வேலை. கீழே வாக்கி-டாக்கி ரேடியோக்கள் பேசுவதை வாங்கி, எல்லா ஊருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொல்லும்.

தினமும் சாயங்காலம் ஒரு சின்ன ரேடியோ பேசுவதற்கான பொத்தானை மட்டும் அழுத்தும், பேசாது. ரிப்பீட்டர் பதிலுக்கு, எல்லா ஊருக்கும் கேட்க, “டொக்” என்னும்.

“ஊமையா அது?” என்றது ரிப்பீட்டரின் பெட்டிக்குள் குடியிருந்த பல்லி.

“நான் இருக்கேனான்னு பாத்துக்குது, அக்கா. பயந்த சுபாவம், பாவம்.”

ஒருநாள் கீழே ரேடியோ கிளப்பில் இருந்த பெரிய ரேடியோவுக்குக் கோபம் வந்துவிட்டது. “யாருய்யா அது, சும்மா சும்மா அழுத்துறது? பேசறதுன்னா பேசு, இல்லேன்னா கையை எடு!”

அதையும் ரிப்பீட்டர் உரக்கத் திருப்பிச் சொன்னது.

மறுநாள் சின்ன ரேடியோ அழுத்தவில்லை.

“திட்டினது நீ இல்லேன்னு சொல்லிடேன்,” என்றது பல்லி.

“எனக்குன்னு ஒரு வார்த்தை ஏது, அக்கா? யாராவது சொல்லட்டும், நான் எல்லா ஊருக்கும் சொல்றேன்.”

அன்று ரேடியோக்கள் எல்லாம் மழையைப் பற்றிப் பேசின. ரிப்பீட்டரும் மழையைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தது.