டீச்சரம்மாவுக்குப் பூங்கொத்து

"அரசியல் படிச்சு என்ன பண்ணப் போறே? ஜனாதிபதி ஆகப் போறியா?"

காய்ந்த புல்லை வாரிக்கொண்டிருந்த மம்பெத், கவைக்கோலைத் தரையில் குத்தி நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார்.

ஐபெரி நிமிரவில்லை. நரின் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அரசியல் பட்டப்படிப்புக்கு அவள் மனுப் போட்டிருந்தாள். பள்ளிச் சான்றிதழின் அசலை நாளை மாலை நாலு மணிக்குள் கொடுத்தால்தான் இடம். அசலோ அப்பாவின் பெட்டியில், பூட்டுக்குள் இருந்தது.

"உன் சித்தப்பன் அரசியல்னு சொல்லி சதுக்கத்துப் போராட்டத்துல போய் நின்னான். ஆட்சி மாறுச்சு. அவன் கால் உடைஞ்சுது. நம்ம ஊர் ரோடு மட்டும் அப்படியே கிடக்கு. பேசாம நர்சிங் படி."

"எனக்கு ரத்தத்தைப் பாத்தா மயக்கம் வரும்ப்பா."

"அரசியல்ல மட்டும் ரத்தம் இல்லையாக்கும்!"

அப்போதுதான் வேலிக்கு வெளியே குரல் கேட்டது.

"மம்பெத் அண்ணே வீடு இதுதானே?"

கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு ஃபைல். காலணியெல்லாம் மலைப்பாதைப் புழுதி.

"என் பேர் அனார்குல். பல்கலைக்கழகத்துலேர்ந்து வர்றேன். உங்க பொண்ணு மனுப் போட்டிருக்கா, அசல் மட்டும் வந்து சேரல. அதான்..."

மம்பெத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அடடா, உள்ள வாங்க டீச்சரம்மா!"

அம்மா சாப்பாட்டுத் துணியை விரித்து ரொட்டியும் பாலேடும் வைத்தாள். தேநீர் வந்தது.

"டீச்சரம்மா, தப்பா நினைக்காதீங்க. பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு இந்தப் படிப்பு?"

அனார்குல் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். "அதை விடுங்கண்ணே. வர்ற வழியில மேய்ச்சல் நிலத்தைப் பாத்தேன். புல்லு முழங்கால் உயரத்துக்கு நிக்குது. உங்க ஆடெல்லாம் அங்கதானா?"

அவ்வளவுதான், மம்பெத் பொங்கிவிட்டார். மேய்ச்சல் குழுத் தலைவன் நல்ல நிலத்தையெல்லாம் மச்சானுக்கு ஒதுக்கியது, கேட்டவர்களுக்கெல்லாம் கல்லுமேட்டைக் காட்டியது, எதிர்த்துப் பேசியவன் வீட்டுப் பசு மேயக்கூட இடமில்லாமல் நின்றது... தேநீர் ஆற, அம்மா மாற்ற, அதுவும் ஆறியது.

"அந்த ஆளை நடுவுல மாத்த முடியாதா?" என்று கேட்டார் அனார்குல்.

"எங்கே! அஞ்சு வருஷத்துக்கு அவன்தான் ராஜா."

"மாத்தலாம்ப்பா." சமையலறை வாசலில் இருந்து ஐபெரியின் குரல் வந்தது. "ஊர்க்காரங்க கையெழுத்துப் போட்டு மனுக் குடுத்தா, மறுபடி ஓட்டெடுப்பு வச்சே ஆகணும். குழுவோட விதியிலயே இருக்கு. நான் நூலகத்துல உக்காந்து முழுசாப் படிச்சேன்."

மம்பெத் வாயைப் பிளந்தார். "இதை ஏன்டி இத்தனை நாளாச் சொல்லல?"

"அவளைப் பேச விட்டாத்தானே!" என்றாள் அம்மா.

மம்பெத் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர், சான்றிதழைச் சட்டைக் கையால் துடைத்து மகளிடம் நீட்டினார்.

"காலையில முதல் வண்டியில அனுப்பிடறேன் டீச்சரம்மா."

"நானே பல்கலைக்கழக வாசல்ல காத்திருக்கேன்" என்றார் அனார்குல். கண்ணாடியைக் கழற்றி ஏனோ இரண்டு முறை துடைத்தார்.

சொன்னபடியே காத்திருந்தார். அலுவலகத்தில் முத்திரை விழும்வரை ஐபெரியின் தோளிலிருந்து அவர் கை இறங்கவில்லை.

செப்டம்பர் முதல் தேதி, வகுப்புத் தொடங்கும் நாள். ஐபெரியின் கையில் அம்மா தோட்டத்து டேலியாப் பூங்கொத்து. கூடவே வெள்ளைக் கம்பளித் தொப்பியும், ஒரு பெரிய பாட்டில் நிறையப் புளித்த குதிரைப்பாலுமாக மம்பெத்.

"அந்தம்மா மட்டும் மலையேறி வரலேன்னா நீ இந்நேரம் ஊசியைப் பாத்து மயங்கிக் கிடப்பே. நேர்ல நன்றி சொல்லாம நான் ஊர் திரும்ப மாட்டேன்."

துறை அலுவலகத்தில் இருந்தவர் புருவத்தைச் சுருக்கினார். "பேராசிரியர் அனார்குலா? அப்படி யாரும் இங்க இல்லையே... ஓ, அவங்களா! முதலாண்டு வகுப்புல போய்ப் பாருங்க" என்று சிரித்தார்.

வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். எல்லாருக்கும் ஐபெரியின் வயது. அவர்களுக்கு முன்னால், முதல் பெஞ்சில், புது நோட்டும் மூன்று பேனாவுமாக அனார்குல்.

"டீச்சரம்மா, நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?" மம்பெத்துக்குப் புரியவில்லை.

அனார்குல் எழுந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது.

"மன்னிச்சுக்குங்கண்ணே. நான் டீச்சர் இல்லை, பள்ளிக்கூடத்துல சமையல் பண்றவ. பல்கலைக்கழகத்துலேர்ந்து வர்றேன்னு சொன்னது நிஜம்தான். என் மனுவைக் குடுக்கும்போது உங்க பொண்ணோட அசல் மட்டும் வரலேன்னு அங்க சொன்னாங்க, நேரா உங்க வீட்டுக்குத்தான் வந்தேன். டீச்சர்னு நீங்களாத்தான் சொன்னீங்க. நான் வாயை மூடிக்கிட்டேன்."

மம்பெத் விழித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "மனுப் போட்டதுக்கே இந்தச் சாமர்த்தியம்னா, படிச்சு முடிச்சா நாடு தாங்குமா!"

ஐபெரி பூங்கொத்தை நீட்டினாள். "யாரா இருந்தா என்னக்கா? நீங்க வரலேன்னா நான் இங்க இல்லை. ரொம்ப நன்றி."

அனார்குல் பூவை வாங்கவில்லை. அவள் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நன்றி சொல்ல வேண்டியது நான்டி. இருபத்தஞ்சு வருஷமா இந்தப் படிப்புக்குக் காத்திருந்தேன். பத்துப் பேர் சேர்ந்தாத்தான் இந்த வருஷம் வகுப்பே நடக்கும்னு சொல்லிட்டாங்க, என்னையும் சேர்த்து ஒன்பது பேர்தான் இருந்தோம்."