முதல் மேஜை

“தப்பா நினைக்காதே பெர்னதெத். உன் வீட்டுக்காரர் அந்த டோரீன் வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. போன மாசம் கதவுகிட்ட உக்காந்தவரு, இப்ப மேடைக்குக் கீழ முதல் மேஜைக்கே வந்துட்டாரு!”

சொன்னவள் தோழி யூனிஸ். பிரிகேட் ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் வேலை பார்க்கிறாள். எதிரிலிருந்த டீ ரூமில் டோரீன் தினமும் மாலை நான்கு மணிக்குப் பாடுவாள். மைசூருக்கும் ஊட்டிக்கும் போகிற வெள்ளைக்காரப் பயணிகள் கேக்கும் தேநீருமாக உட்கார்ந்து கேட்பார்கள். 1955-ல் அந்தத் தெருவில் அவளைத் தெரியாதவர் கிடையாது.

பெர்னதெத்தின் கணவர் ஹெர்பர்ட் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர். சர்ச்சில் அவள் பாடியதைக் கேட்டுவிட்டுத்தான் பெண் கேட்டு வந்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், ஞாயிறுதோறும் வீடு திரும்பும் வழியில் அவள் பாட்டைப் பற்றி ஏதாவது ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்ததில்லை. இப்போது அந்தப் பேச்சே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால்கூட மூன்றாவது தடவைதான் திரும்பிப் பார்க்கிறார்.

மறுநாள் வீடிருந்த பிரேசர் டவுனிலிருந்து பஸ் ஏறினாள். பிரிகேட் ரோட்டில் ஒரே கூட்டம். சந்தன மர யானைப் பொம்மைக்குப் பேரம் பேசிய துரைசானியை இடித்துக்கொண்டு போய், டீ ரூம் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

யூனிஸ் சொன்னது அப்படியே உண்மை. முதல் மேஜையில் ஹெர்பர்ட். பாட்டு முடிந்ததும் அவர் எழுந்து போய் ஏதோ சொன்னார். டோரீன் அவர் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள்.

பட்டப்பகலில்! இத்தனை பேர் முன்னால்!

அவர் வெளியேறும்வரை தூணுக்குப் பின்னால் நின்றிருந்துவிட்டு உள்ளே நுழைந்தாள்.

“நான் ஹெர்பர்ட்டோட சம்சாரம்.”

டோரீன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உக்காருங்கக்கா.”

“உக்கார வரல. என் குரல் கசந்துபோச்சு, உன் குரல்தான் இனிக்குதாமா அவருக்கு?”

“ஐயோ, அவருக்கு நான் பாடுறதே உங்க பாட்டுதான்க்கா. சர்ச்சுல நீங்க பாடுவீங்களாமே, அதைத்தான் தினம் ஒருதரம் பாடச் சொல்லுவாரு.”

“அதை வீட்டுல என்னைப் பாடச் சொன்னா ஆகாதா? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

“உங்ககிட்ட கேட்டா உங்களுக்குத் தெரிஞ்சிடுமாம். சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு.”

“அப்படி என்னடி எனக்குத் தெரியக்கூடாத சங்கதி, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல?”

அடுத்த மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டோரீன் குரலைத் தாழ்த்தினாள்.

“நேத்து கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுட்டிருந்தாரு. பாதியில, ‘ஏம்மா நிறுத்திட்டே?’ன்னாரு.”

“சரி, அதுக்கென்ன?”

“நான் நிறுத்தலக்கா,” என்றாள் டோரீன். “பாடிக்கிட்டேதான் இருந்தேன்.”