குழாயடிப் பலகை

"படிங்கக்கா, என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

குழாயடிச் சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையை இஸ்திரிக்கார அக்கா உரக்கப் படித்தார். "இன்று தண்ணீர் சோதனை. சொட்டு போடவும்."

வரிசையில் நின்ற பன்னிரண்டு வீட்டுக் குடங்களும் ஒரே நேரத்தில் முனகின.

"அந்தச் சொட்டக்காவுக்கு வேற பொழப்பே கிடையாதா? தினம் தினம் உயிர எடுக்குது!"

சொட்டக்கா என்றால் சுகாதார ஆபீஸ் அம்மா. குடத்துக்கு மூன்று சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் மூடி வைத்துக் குடிக்கச் சொன்னவர்.

சோதனை என்று பலகையில் எழுதிவிட்டு, ஏதோ ஒரே ஒரு வீட்டுக்குள்தான் நுழைவார். எந்த வீடு என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார். கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து ஒரு மாத்திரையைப் போடுவார். இளஞ்சிவப்பானால் தப்பித்தோம். ஆகாவிட்டால் அந்த வீட்டு நம்பர் ஒரு வாரம் பலகையில் தொங்கும். மானம் கப்பலேறும்.

மருந்து வாடை யாருக்கும் பிடிக்காது. கக்கூஸ் கழுவின தண்ணி மாதிரி இருக்கிறது என்பார்கள். ஊரார் துணியைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுக்கிற அக்காவோ, ஆபீஸ் தருகிற இலவசப் புட்டியை அப்படியே சட்டைகளின்மேல் கவிழ்த்துவிடுவார். சட்டைகள் வெளுத்துக் கண்ணைப் பறிக்கும்.

என் வீட்டில் சொட்டு தவறியதே இல்லை. என்ன பிரயோசனம்?

என் மகளுக்கு மூன்று வயது. சாப்பாடு மட்டும்தான் எங்கள் வீட்டில். தாகம் எடுத்தால் எந்த வாசல் கிட்டத்தில் இருக்கிறதோ அந்த வீட்டுச் சொம்பு.

இரண்டு முறை வயிற்றுப்போக்கு. இரண்டு முறையும் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டில். இரண்டாம் முறை ஊசி குத்த அந்தக் கையில் நரம்பே அகப்படவில்லை. இன்னொரு தடவை வந்தால் பிள்ளை தாங்காது என்று டாக்டர் சொன்னார். கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் நான்; மூட்டை எதுவும் இல்லாமலே என் முதுகு வளைந்த நாள் அது.

ஆகவே மற்றப் பதினொரு வீட்டுக் குடத்திலும் சொட்டு விழுந்தாக வேண்டும். வீடு வீடாகப் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். "போப்பா, எங்க வயிறெல்லாம் கல்லையே செரிக்கும்" என்றார்கள்.

பலகைக்கு மட்டும்தான் பயந்தார்கள்.

கடைசி வீட்டு டெம்போ டிரைவர் வாயில் பிரஷ்ஷுடன் வந்தார். பலகையைப் பார்த்தார். நுரையைத் துப்பினார்.

"ஏம்மா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. லீவு நாள்ல எந்த ஆபீசர் வர்றாங்க? எவனோ வெளையாடுறான், நீங்களும் ஆடுறீங்க!"



ஞாயிற்றுக்கிழமை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூட்டை தூக்குகிறவனுக்குக் கிழமை ஏது? வாரத்தில் ஏழு நாளும் ஒரே எடைதான்.

சொட்டுப் புட்டியை எடுக்கப் போன ஒருத்தி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ஒவ்வொரு முகமாகப் பலகைப் பக்கம் திரும்பியது.

இஸ்திரிக்கார அக்கா குடத்தை நங்கென்று கீழே வைத்தார்.

"உனக்கு என்ன தெரியும்? போன ஞாயித்துக்கிழமைகூட எங்க வீட்டுக்கு வந்தாங்க. மாத்திரையப் போட்டதும் அப்படியே ரோஜாப்பூ! 'இந்தத் தெருவுலயே உங்க தண்ணிதான் தண்ணி'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."

தையல்காரம்மாவுக்குப் பொறுக்குமா? "எங்க வீட்டுக்கு ரெண்டு தடவ வந்தாச்சு. நான்தான் வெளிய சொல்லிக்கல."

"எங்க வீட்ல ஒக்காந்து டீயே குடிச்சாங்க" என்றது வரிசையின் கடைசிக் குடம்.

டிரைவர் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். வாயைக் கொப்பளித்தார். உள்ளே போனார். சற்று நேரத்தில் அவர் வீட்டிலிருந்து குரல் கேட்டது: "அடியே, அந்தச் சொட்டுப் புட்டிய எங்கடி வச்ச?"

வரிசை கலைந்தது. நானும் இஸ்திரிக்கார அக்காவும் மட்டும் நின்றோம்.

அவர் என் தோளில் கிடந்த துண்டை உருவி ஓர் உதறு உதறினார். வெள்ளைப் பொடி பறந்தது.

"துணியில எது அழுக்கு, எது சாக்பீஸ்னு எனக்கா தெரியாது?" என்றார், குரலைத் தாழ்த்தி. "சனிக்கிழமையே 'நாளைக்கும் உண்டு'ன்னு ஒரு வரி சேத்து எழுதித் தொலைக்கக் கூடாதா தம்பி?"

சொட்டக்கா வேறு ஊருக்கு மாற்றலாகி நாலு மாதம் ஆகிறது. போகிற அன்று பலகையோரம் ஒரு சாக்பீஸை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

கிடங்கில் மூட்டைமேல் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பார்த்து, நாற்பத்திரண்டு வயதில் நான் எழுத்துக் கற்றது தெருவில் ஒருவருக்கும் தெரியாது என்றுதான் அந்த நிமிஷம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் அக்கா வீட்டிலிருந்து என் மகள் ஓடி வந்தாள். அவர்கள் நேற்றுப் பிடித்து வைத்த தண்ணீரைக் குடித்திருக்கிறாள். முகம் அஷ்டகோணலாகியிருந்தது. "உவ்வே, மருந்து!" என்று நாக்கை நீட்டிக் காட்டினாள்.

அக்கா எங்கோ பார்த்தார்.

நான் அவர் வீட்டுக் கொடியைப் பார்த்தேன். காய்ந்துகொண்டிருந்த வெள்ளைச் சட்டைகள் அத்தனையும் பழுப்பாக இருந்தன.