இன்பநாதன் பூட்டிய ஸ்கோப்

"ஆர் தங்கச்சி இதைப் பூட்டினது?"

சுஜீவாவின் துவக்கில் இருந்த ஸ்கோப்பை, அந்தக் குறிபார்க்கும் குழாயை, தட்டிக் காட்டிக் கேட்டார் யோசேப் அண்ணை.

"இவர்தான். ஏன் அண்ணை?"

"இன்பநாதனோ? முழு ஸ்கேவ். ஒரேயடியாச் சரிஞ்சு கிடக்குது. இஞ்சை வந்து பார்."

ஹொல்ஸ்டெப்ரோ நகரத்துக்கு வெளியே, ஊசியிலை மரங்களுக்கு நடுவில் இருந்தது துவக்குச் சுட்டுப் பழகும் அந்தத் திடல். யோசேப் அங்கே பழைய ஆள். மறுநாள் மான் வேட்டை தொடங்குகிறது. சுஜீவாவோடு வயோதிபர் இல்லத்தில் வேலை செய்யும் பியர்தெ, தன் தகப்பனின் காட்டில் அவளுக்கும் ஓர் இடம் கேட்டு வாங்கியிருந்தாள். புதுத் துவக்கை இன்றைக்கே சுட்டுச் சரிபார்த்தால்தான் காட்டுக்குள் விடுவேன் என்று கிழவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். திடலை மத்தியானம் பூட்டிவிடுவார்கள்.

யோசேப் துவக்கைத் தாங்கியில் கிடத்தி, அதன் முதுகில் சின்ன நீர்மட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நின்றது. நீர்மட்டத்தைத் தூக்கி ஸ்கோப்பின் தலையில் வைத்தார். குமிழி ஓடிப்போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

"கண்டியோ? உள்ளுக்கை தெரியிற குறுக்குக்கோடும் இப்பிடித்தான் சரிஞ்சு நிக்கும். கொஞ்சம் தூரமெண்டால் ரவை பக்கத்தாலை இழுத்துக்கொண்டு போகும். மான் காயத்தோடை ஓடும். பாவம் பிறகு உனக்குத்தான்."

"அவர் யன்னல் பாக்டரியிலை நாள் முழுக்க மட்டம் பாக்கிற மனிசன் அண்ணை. பிழை விடமாட்டார்."

"அப்ப இது பிழை இல்லை." யோசேப் கொடுப்புக்குள் சிரித்தார். "மனிசி துவக்கோடை திரியிறது மனிசனுக்குப் பிடிக்கேல்லைப் போல."

பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் அது முள்ளாகத் தைத்தது.

இன்பநாதனுக்குப் பிடிக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். "துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள். இவ கடைக்குப் போய் ஒண்டு வாங்கிக்கொண்டு வாறா" என்று சேர்ச் முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் எல்லாரையும் சிரிக்க வைத்தவர். அப்படிப்பட்டவர், ஸ்கோப்பைப் பூட்டித் தாங்கோ என்றதும் முணுமுணுக்காமல் ஓம் என்றாரே! கராஜின் கடைசிச் சுவரில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, "கண்ணை மூடிக்கொண்டு துவக்கைப் பிடியும், இப்ப திறவும், இன்னொருக்கா" என்று ஒரு பின்னேரம் முழுக்க அவளைப் பாடாய்ப் படுத்தினாரே!

எல்லாம் இதுக்குத்தானா?

"கழட்டி நேராக்கி விடட்டோ? கெதியாச் செய்யலாம்." யோசேப்பின் கையில் ஆணி கழற்றும் அலன் கீ தயாராக இருந்தது.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை."

ஒதுங்கிப் போய் ஃபோன் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, ஸ்கோப்பை வேணுமெண்டே சரிச்சுப் பூட்டினீங்களோ?"

அந்தப் பக்கம் வெங்காயம் வதங்குகிற சத்தம். அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னார்.

"ஓம்."

இல்லை என்று சத்தியம் பண்ணுவார், சண்டை பிடிக்கலாம் என்று இருந்தவள் அந்த ஓமைக் கேட்டதும் குரலை உயர்த்தினாள்.

"நான் போறது பிடிக்காட்டி முகத்துக்கு நேரை சொல்லியிருக்கலாமே! யோசேப் அண்ணைக்கு முன்னாலை..."

"பிடிக்கேல்லைத்தான். அது வேறை கதை. யோசேப் கீயோடை நிக்கிறாரோ? தொட விடாதையும். முதல் நீர் பிடிக்கிறமாதிரிப் பிடிச்சுப் பாரும்."

வைத்துவிட்டார்.

சுஜீவா சுடுகிற மேசையில் போய் இருந்தாள். துவக்கை நிமிர்த்திப் பிடிக்கலாம் என்று வலது முழங்கையை உயர்த்தினாள். தோளுக்குள் ஊசி ஏறியது. விண்டரில், இல்லத்தில் ஒரு பாரமான மனிதரைக் கட்டிலில் இருந்து தூக்கும்போது பிடித்த நோ. வீட்டில் தெரிந்தால் இன்பநாதன் வேலையை விடும் என்பார். அதனால் அவள் மூச்சுக் காட்டவில்லை.

முழங்கையை நோகாத அளவுக்குத் தாழ்த்தினாள். துவக்கு தானாக உள்பக்கம் சரிந்தது. ஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

இலக்குப் பலகையைத் தாங்கி நின்ற மரக்காலோடு ஒட்டினாற்போல, குறுக்குக்கோட்டின் நெடுங்கோடு செங்குத்தாக நின்றது.

மூன்று தரம் சுட்டாள். தூரக்கண்ணாடியால் பார்த்த யோசேப்புக்கு வாய் மூடவில்லை.

"மூண்டும் ஒரு உள்ளங்கைக்குள்ளை! நடுவுக்குக் கொண்டு வாறது இனிச் சின்ன வேலை. என்னெண்டு தங்கச்சி? சரிவெல்லோ அது!"

"கீயை வையுங்கோ அண்ணை. அவர் சரியாத்தான் பூட்டியிருக்கிறார்."

எல்லாம் முடித்து, காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி ஃபோன் எடுத்தாள்.

"என்ர தோள் விசயம் உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. விண்டரிலையிருந்து நீர் சீப்பை இடக்கையிலை பிடிச்சுத்தானே தலை இழுக்கிறீர்."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கேல்லை?"

"கேட்டிருந்தால், ஒண்டுமில்லையெண்டு வலக்கையாலை தலை இழுத்துக் காட்டியிருப்பீர்."