இடப்பக்கக் குமிழ்

என் சின்ன பிக்கப்புக்காக, ஒரே தண்டாக வரும் முன் ஆக்சில் ஒன்றைக் காயலான் கடையில் பிடித்தோம். யூட்டா மலைத்தடத்தில் உருண்ட வண்டியினுடையது. ஏற்றத்தில் முன்சக்கரங்களைப் பூட்ட இறங்கியவன், வலப்பக்கத்தை முடித்துவிட்டு இடப்பக்கம் வந்தபோது, வண்டி அவன் மேலேயே சரிந்துவிட்டதாம்.

"செத்தவன் சாமானப் போய் மாட்டுறியே மச்சான்" என்றான் மைத்துனன் வெண்டல். வெல்டிங் வைத்ததும் அவன்தான்.

சனிக்கிழமை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். செங்குத்தான சரளைத் தடத்தில் பின்சக்கரங்கள் சறுக்கின. கைபிரேக்கை இன்னும் மாட்டவில்லை. இடப்பக்க ஸ்டியரிங்கில் இருந்த நான் பிரேக்கை மிதித்துக்கொண்டேன். முன்சக்கரங்களும் இழுக்க வேண்டுமானால், அவற்றின் நடுவிலுள்ள குமிழ்களைக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். வெண்டல் இறங்கினான்.

வலப்பக்கம் குனிந்தான். எழுந்தான். அப்படியே வந்து ஏறிக் கதவைச் சாத்தினான்.

"இடப்பக்கம் யாருடா பூட்டுவா?"

"அதான் நீ பூட்டிட்டியே! சத்தம் கேட்டுச்சே. உன்ன யாரு இறங்கச் சொன்னது? பிரேக்க விட்டிருந்தா நான் சட்னி ஆயிருப்பேன்."

"நான் கால எடுக்கவே இல்லடா."

வெண்டல் என் காலைப் பார்த்தான். அது பிரேக்கை அழுத்தியபடியே இருந்தது.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். இடப்பக்கக் குமிழ் பூட்டியிருந்தது. வண்டிக்கு முன்னால் சரளை நொறுங்கும் சத்தம் நிதானமாக இடமிருந்து வலமாக நடந்து போனது.

வலப்பக்கக் கதவு திறந்தது.

வெண்டல் என் பக்கம் நகர்ந்து இடம் விட்டான்.