மூன்று கால் நாற்காலி

“ஸ்குரூவைக் கழட்டிட்டேன். கால் சும்மா ஒட்டிக்கிட்டு நிக்குது. வாத்தியார் உக்காந்தார்னா நேரா தரைதான்!” நாற்காலிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான் கொம்பன்.

அந்த பிஸ்கட் கம்பெனியில் வேலை முடிந்ததும் தொழிலாளிகளுக்கு மாலை வகுப்பு. முதலில் வந்த வாத்தியார் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். அடுத்தவர் குடையை விட்டுவிட்டு ஓடினார். மூன்றாமவர் வீட்டையே காலி செய்துகொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டார்.

இன்று வருகிறவரும் ஓடினால் வகுப்பையே இழுத்து மூடிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். கொம்பனுக்கு வேண்டியதும் அதுதான். “என் மண்டை கருங்கல்லு மாப்ளே. வெடி வச்சாலும் உள்ள ஒண்ணும் போகாது. எதுக்கு எல்லார் முன்னாடியும் திருதிருன்னு முழிக்கணும்?” என்றான் பக்கத்திலிருந்த கூட்டாளியிடம்.

கதவு திறந்தது. வந்தவள் கைப்பையோடு ஒரு பெண். நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“புதுசாக்கா?” என்றான் கொம்பன்.

“ஆமா தம்பி. இன்னிக்குத்தான் முதல் நாள்.”

“நல்ல நாளாப் பாத்து வந்தீங்க. இப்ப ஒரு வாத்தியார் விழப்போறார், பாருங்க!”

அவள் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். “முன்னங்காலையா கழட்டினீங்க? விழமாட்டாரே.”

கொம்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. காலை உருவி வீசிவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். அது ஆடக்கூட இல்லை.

முன்னங்காலை மாட்டிவிட்டுப் பின்னங்காலைக் கழற்றினான். மறுபடி சாய்ந்தான். கட்டடமே அதிரும்படி விழுந்தான்.

“இப்ப மட்டும் ஏன் விழுந்தீங்க?” என்றபடி அவள் கைப்பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினாள். “மிச்சம் இருக்கிற காலெல்லாம் எங்க நிக்குதுன்னு தரையில குறிங்களேன்.”

மூன்று புள்ளி வைத்தான். கோடு போட்டு இணைத்தான். அதற்குப் பிறகு வகுப்பு தரையிலேயே நடந்தது. ஆளாளுக்கு உட்கார்ந்தார்கள், விழுந்தார்கள், சண்டை போட்டார்கள். அடிபடாத இடுப்பு அந்த அறையில் இல்லை. கடிகாரத்தைப் பார்த்த கண்ணும் இல்லை.

திடீரென்று கொம்பன் கத்தினான். “டேய்! பாரம் இந்த முக்கோணத்துக்குள்ள இருந்தா நிக்குது! வெளிய போனா கவுந்துடுது!” சொன்னது தன் வாய்தானா என்று அவனுக்கே சந்தேகம்.

மணி அடித்தது.

“வாத்தியார் வரவே இல்ல! பயந்துட்டார்டா! இனிமே வகுப்பே கிடையாது!” என்று குதித்தான் கூட்டாளி.

கொம்பன் குதிக்கவில்லை. கையிலிருந்த சாக்பீஸையே பார்த்தான். “அவ்வளவுதானாடா?”

அந்தப் பெண் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, அந்த மூன்று கால் நாற்காலியை நோக்கி நடந்தாள்.

“அக்கா! வேணாம்க்கா! விழுந்துடுவீங்க!”

கால் இல்லாத மூலைக்கு நேர் எதிர் மூலையில், கால்மேல் கால் போட்டு, மகாராணி மாதிரி உட்கார்ந்தாள். நாற்காலி இம்மியும் அசையவில்லை.

“இன்னிக்குப் பாடம் முடிஞ்சுது. நாளைக்கு மேசையைக் கழட்டலாம்.”